வேடந்தாங்கலுக்குச் செல்லும் வழி

சென்னை மாநகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தின்மீது ஏறி இறங்கிச் சிறிது தொலைவு சென்றால் படாளம் என்னும் ஊர் வரும். அங்கே வலப்புறமாகப் பிரியும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் வேடந்தாங்கலை அடையலாம். சென்னையிலிருந்து மொத்தத் தொலைவு சுமார் 80 கிலோமீட்டர் ஆகும். இரயிலில் வருவோர் செங்கற்பட்டிலோ மதுராந்தகத்திலோ இறங்கிப் பேருந்தில் செல்லலாம். வழி கேட்பவருக்கு இவ்வளவு கூறினால் போதும் என்றே தோன்றும்.

ஆயினும், சாலை வழியை மட்டும் அறிந்து சென்றவர்களில் சிலர் ஏமாற்றத்துடன் திரும்புவதுண்டு. கோடையில் சென்றவர் வெடித்துப் போன ஏரித் தரையைக் காண்கிறார். மழை பொய்த்த ஆண்டில் சென்றவர் வெற்றுக் கிளைகளைக் காண்கிறார். ஏரிக்குப் பறவைகள் வருவதற்கும் ஒரு வழி வேண்டும். பறவைகளுக்கு முன்னர் நீர் வருவதற்கும் ஒரு வழி வேண்டும். அவ்விரு வழிகளையும் அடைபடாமல் காத்த ஊரார் செய்த காரியம் ஒன்றும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாக இக்கட்டுரையில் ஆராய்வோம். ஏரியும் குளமும் உள்ள எந்த ஊருக்கும் இப்பாடம் பயன்படும்.

சாலை வழி

வேடந்தாங்கல் செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் வட்டத்தில் அமைந்த சிற்றூர். முன்னர்க் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரம் 2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. தாங்கல் என்பது இப்பக்கத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல்லாகும். வேடர்கள் வேட்டையாடிய தாங்கல் என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவர். வேட்டைக்குப் பெயர் பெற்ற இடமே பறவைகளின் அடைக்கலமாக மாறியதுதான் இவ்வூரின் வரலாறு.

பயணத்துக்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் பங்குனி வரையாகும். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பிய பின்னரே பறவைகள் பெருந்திரளாக வந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. மார்கழியிலும் தையிலும் கூடுகளில் முட்டைகளையும் குஞ்சுகளையும் காணலாம். ஏரி எப்போது நிரம்பும் என்பது ஒவ்வோர் ஆண்டின் மழையையும் பொறுத்தது. ஆதலால், புறப்படுமுன் ஏரியில் நீர் உள்ளதா, சரணாலயம் திறந்திருக்கின்றதா என்று விசாரித்துக்கொள்வது நன்று.

நேரத்தையும் கருத வேண்டும். நடுப்பகலில் பெரும்பாலான பறவைகள் இரை தேடி வெளியே சென்றிருக்கும். விடியற்காலையிலும், பிற்பகல் நான்கு மணிக்கு மேலும் சென்றால் பறவைகளின் போக்கையும் வரவையும் நன்கு காணலாம். மாலையில் நாரைகளும் கொக்குகளும் வரிசை வரிசையாக ஏரிக்குத் திரும்பும் வேளையில், பகலெல்லாம் கிளைகளில் உறங்கிய இராக்கொக்குகள் இரைக்குப் புறப்படுகின்றன. பகல் முறைக்காரர் வீடு திரும்ப, இரவு முறைக்காரர் வேலைக்குச் செல்வதைப் போன்றது இக்காட்சி.

நீர் வரும் வழி

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 74 ஏக்கர் ஆகும். இம்மாவட்டத்திலுள்ள பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. இது பறவைகளுக்காக வெட்டப்பட்டதன்று. பயிருக்காகக் கட்டப்பட்ட பாசன ஏரி. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் ஆகிய உறுப்புகள் எல்லாம் மற்ற ஊர் ஏரிகளைப் போலவே இதற்கும் உண்டு.

செங்கற்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று நெடுங்காலமாக அழைத்து வந்துள்ளனர். இங்கே வற்றாத ஆறு இல்லை. பெய்யும் மழையைத் தேக்கினால்தான் நெல் விளையும். எனவே நம் முன்னோர் நிலத்தின் சரிவை அறிந்து, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். மேல் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே வழியும் உபரிநீர், கால்வாயில் ஓடிக் கீழ் ஏரியை அடைகின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழேயுள்ள ஊர்கள் எல்லாம் வாடும்.

இதனை உணர்ந்தால், பறவைகளின் அடைக்கலம் அண்டை ஊர்களின் கால்வாய்களைச் சார்ந்திருப்பது விளங்கும். மேலேயுள்ள ஊரில் ஒருவர் வரத்துக்கால்வாயை நிரவி வரப்பை நீட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சில சென்ட் நிலம் கூடுகின்றது. கீழ் ஏரியிலோ சில அடி நீர் குறைகின்றது. நீர் குறைந்தால் மரங்களைச் சூழ்ந்த காவல் குறைகின்றது.

நீர் எவ்வாறு காவலாகின்றது என்பதைப் பார்ப்போம். ஏரியின் உட்பகுதியில் கடப்ப மரம் என்று ஊரார் அழைக்கும் நீர்க்கடம்பு அடர்ந்து வளர்ந்துள்ளது. பல மாதங்கள் நீரில் நின்றாலும் அழுகாத மரம் இது. கருவேல மரங்களும் உண்டு. ஏரி நிரம்பும்போது இம்மரங்கள் தீவுகளைப்போல் நிற்கின்றன. பூனை, கீரி, நரி ஆகியவை நீரைத் தாண்டிக் கூடுகளை அணுகுவது அரிது. மனிதரும் எளிதில் செல்ல இயலாது. ஏரி முன்னதாகவே வற்றினால் இக்காவல் நீங்கிவிடும். இரையும் சுருங்கும். அத்தகைய ஆண்டுகளில் பறவைகள் கூடு கட்டாமலேயே சென்றுவிடும். கட்டிய கூடுகளைக் குஞ்சுகளுடன் கைவிடுவதும் உண்டு.

பறவைகள் வரும் வழி

வேடந்தாங்கலில் காணும் பறவைகள் யாவும் கடல் கடந்து வருபவை என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, கொக்கு வகைகள் ஆகியவை நம் நாட்டுப் பறவைகளே. மழையையும் இரையையும் தேடி இவை நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்கின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய வாத்தினங்களே வட ஆசியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிர்காலத்தில் வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பிச் சென்று அங்கேயே முட்டையிடுகின்றன.

நெடுந்தொலைவிலிருந்து வரும் பறவைகள் எவ்வாறு வழியறிகின்றன? கதிரவனின் நிலை, இரவில் விண்மீன்களின் அமைப்பு, புவியின் காந்தப் புலம், ஆறு கடற்கரை போன்ற நில அடையாளங்கள் ஆகியவை துணைபுரிகின்றன என்று அறிவியலார் கண்டுள்ளனர். வாத்து போன்ற கூட்டமாகப் பறக்கும் இனங்களில் இளம் பறவைகள் மூத்தவற்றுடன் வந்து வழியைக் கற்கின்றன. இவ்வளவு திறமையுடன் வந்து சேரும் பறவைக்கு, வந்த இடத்தில் நீர் இல்லையெனில் என்ன பயன்?

இனி, ஏரியை விட்டுப் பறவைகள் நாள்தோறும் செல்லும் வழியைக் கவனிப்போம். ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் 74 ஏக்கர் ஏரி மட்டும் உணவளிக்க இயலாது. வேடந்தாங்கல் அவற்றுக்குத் தங்கும் இடமும் குஞ்சு பொரிக்கும் இடமும் ஆகும். உண்ணும் இடம் பல கிலோமீட்டர் தொலைவு வரை பரந்துள்ள பிற ஊர்களின் ஏரிகளும் குட்டைகளும் நெல்வயல்களுமே. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் மூடிய நிலையிலும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க இவ்வமைப்பு உதவுகின்றது. நம் வயல் நீரிலுள்ள நத்தைகளையே அது தேடி உண்கின்றது. கொக்குகள் உழவரின் ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னால் நடந்து, மண்ணிலிருந்து வெளிப்படும் புழு பூச்சிகளைப் பொறுக்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

வேடந்தாங்கலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் கரிக்கிலி என்னும் மற்றொரு பறவைகள் சரணாலயம் உள்ளது. அங்குள்ள ஆழம் குறைந்த நீர்நிலைகள் வாத்துகளுக்கும் கரையோரம் இரை தேடும் பறவைகளுக்கும் ஏற்றவை. நேரமுள்ளவர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்து வரலாம். அவ்வாறு பார்ப்போருக்கு, ஒரே ஏரியால் எல்லாப் பறவைகளையும் பேண இயலாது என்பது தானாகவே விளங்கும்.

ஊரார் காத்த வழி

இவ்வேரியைக் காத்தவர்கள் யாவர் என்பதே நாம் முதன்மையாக அறிய வேண்டியது. வனத்துறை என்று ஒன்று ஏற்படுவதற்கும், வன உயிரினச் சட்டங்கள் இயற்றப்படுவதற்கும் பல்லாண்டுகளுக்கு முன்னரே வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காக்கத் தொடங்கினர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும் வழிவழியாகக் கூறப்படுகின்றது. அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798ஆம் ஆண்டில் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து ஒரு கவுல் வழங்கினார். 1858ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936ஆம் ஆண்டில் இவ்விடம் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் சரணாலய எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

பெரிய கலெக்டரிடம் சென்று முறையிடும் துணிவு சிற்றூர் மக்களுக்கு எவ்வாறு வந்தது? இரக்கம் ஒரு காரணம். அனுபவம் மற்றொரு காரணம். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கின்றது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. மதகைத் திறந்தால் நீருடன் எருவும் வயலுக்குப் பாய்கின்றது. இந்நீர் பாய்ந்த வயலில் விளைச்சல் நன்றாக இருப்பதை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்தனர். பறவை இருந்தால் பயிர் செழிக்கும், பயிருக்காக ஏரியைப் பேணினால் பறவை வரும் என்னும் கணக்கு அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பயன் கண்ட காரியத்தைக் காக்க எவரும் முன்வருவர்.

இதே லயனல் பிளேஸின் பெயர் மதுராந்தகத்திலும் வழங்குகின்றது. மதுராந்தகம் பெரிய ஏரியின் கரை, கடுமழையில் உடையும் நிலையில் இருந்ததாகவும், கவலையுற்ற கலெக்டர் இரவில் கரைக்குச் சென்றபோது வில்லேந்திய இருவர் நின்று காவல் புரிவதைக் கண்டதாகவும், கரை உடையவில்லை என்றும் ஒரு கதை உண்டு. அங்குள்ள இராமபிரானை இன்றும் ஏரி காத்த இராமர் என்றே மக்கள் வணங்குகின்றனர். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், தெய்வத்துக்குச் சூட்டிய பெயரிலேயே ஏரிக்காவலை வைத்துப் போற்றிய வட்டாரம் இது என்பதை நாம் மறத்தல் ஆகாது. வேடந்தாங்கலுக்குச் செல்வோர் இக்கோயிலையும் ஏரிக்கரையையும் பார்த்து வருவது பொருத்தமாகும்.

காணச் செல்வோர் நடக்க வேண்டிய வழி

சரணாலயத்தில் நாம் விருந்தினர். கூட்டில் அமர்ந்திருக்கும் தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால், வெயில் முட்டையின் மீதும் குஞ்சின் மீதும் நேராக விழும். காகமும் பருந்தும் அந்நேரம் பார்த்து வரும். ஆதலால் ஏரிக்கரையில் உரக்கப் பேசுதல், கைதட்டுதல், கல்லெறிதல், ஒலிபெருக்கி வைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஊர்திகளை நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு, ஒலிப்பான் அடிக்காமல், கரைமீது நடந்து செல்ல வேண்டும். பளிச்சிடும் வண்ண ஆடைகளைத் தவிர்ப்பது நன்று. பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் கரையில் எறிந்தால் அவை மதகில் அடைத்துக்கொள்ளும். பறவைகளின் கால்களிலும் சிக்கும். காட்சிக் கோபுரத்தின்மீது அமைதியாக நின்று, தொலைநோக்கி வழியே பார்த்தால் கூட்டினுள் நடப்பவற்றையும் காணலாம்.

பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். பறவைகளைக் காட்டியபின், மாணவர்களை மதகருகே அழைத்துச் சென்று நீர் எங்கே போகின்றது என்று காட்டுக. பின்னர் வரத்துக்கால்வாயைக் காட்டி நீர் எங்கிருந்து வருகின்றது என்று கேட்குக. பறவைகளின் பெயர்களை மாணவர் மறக்கலாம். இவ்விரு கேள்விகளை மறக்கமாட்டார்.

நம் ஊருக்கு வரும் வழி

எல்லா ஊரும் வேடந்தாங்கலாக இயலாது. ஆக வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் வேடந்தாங்கலிலிருந்து புறப்படும் நாரைக்கு இரை அளிக்கும் ஊராக எந்த ஊரும் இருக்கலாம். அதற்குச் செய்ய வேண்டியவை புதுமையானவை அல்ல.

முதலாவது, வரத்துக்கால்வாயை அளந்து அதன் எல்லையைக் காத்தல். கிராமக் கணக்கில் உள்ள அகலமும் தரையில் உள்ள அகலமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஊராட்சி ஆண்டுக்கொரு முறை பார்த்தல் வேண்டும். மழைக்கு முன்னர்க் கால்வாயிலுள்ள புதரையும் சீமைக் கருவேலையும் நீக்க வேண்டும். ஊரார் கூடிக் கரையையும் கால்வாயையும் செப்பனிடும் குடிமராமத்து முறை நம் நாட்டுக்குப் பழமையானது. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அப்பெயரிலேயே ஏரி குளங்களைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியதும் நினைவிருக்கும்.

இரண்டாவது, ஏரி மரங்களைப் பற்றிய கவனம். பல ஏரிகளின் உட்பகுதியில் நாட்டுக் கருவேல மரங்கள் வளர்ந்துள்ளன. அவற்றில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டுவதுண்டு. மரங்களை ஏலம் விடுமுன் கூடுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கூடு இருப்பின் குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்தல் வேண்டும். ஒரு பகுதி மரங்களை என்றைக்கும் விட்டுவைப்பது அதனினும் நன்று. தூர் வாரும்போதும் ஏரி முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டாமல், ஓரத்தில் ஆழம் குறைந்த பகுதியை விட்டுவைத்தால் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாவது, கண்ணியும் வலையும் வைத்துப் பறவை பிடிப்பதைத் தடுத்தல். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது தண்டனைக்குரிய குற்றமாகும். சட்டம் தொலைவில் இருக்கின்றது; ஊரார் அருகில் இருக்கின்றனர். வேடந்தாங்கலில் முதலில் தடுத்தவர்கள் ஊராரே.

நான்காவது, வயலில் தெளிக்கும் நச்சு மருந்துகளை அளவோடு பயன்படுத்தல். வயலில் தெளிக்கும் நஞ்சு மழைநீருடன் ஏரிக்குச் சென்று, மீனிலும் நத்தையிலும் சேர்ந்து, அவற்றை உண்ணும் பறவையைத் தாக்கும். அதே மீனை நாமும் உண்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை மாற்றியமைக்கும் முன்மொழிவு 2020ஆம் ஆண்டில் எழுந்தபோது, நாடெங்கும் அதைப்பற்றி விவாதம் நிகழ்ந்தது. ஏரி அங்கேயேதான் இருக்குமே, சுற்றுப்புறம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. நீர் வரும் வழியும் இரை தேடும் வழியும் சுற்றுப்புறத்தில்தான் உள்ளன என்பதே அதற்கு விடை. அவ்வழிகள் அடைபட்டால் படாளத்திலிருந்து பிரியும் சாலை அப்படியே இருக்கும். வழிகாட்டிப் பலகையும் இருக்கும். சென்று காண்பதற்குப் பறவை இராது.

கிராம சபையிலும் இளைஞர் மன்றத்திலும் மகளிர் குழுவிலும் ஆராய்வதற்குச் சில வினாக்களைக் கீழே தருகிறோம்.

1. நம் ஊர் ஏரிக்கு நீர் எந்த ஊரிலிருந்து வருகின்றது? நம் ஏரி நிரம்பினால் உபரிநீர் எந்த ஊருக்குச் செல்கின்றது?

2. வரத்துக்கால்வாயை முழுவதும் கடைசியாக நடந்து பார்த்தவர் யார்? எப்பொழுது?

3. மார்கழி, தை மாதங்களில் நம் ஏரிக்கு வரும் பறவைகள் யாவை? அவற்றுக்கு நம் ஊர்ப் பெரியோர் வழங்கும் பெயர்கள் என்ன?

4. ஏரிக்குள் உள்ள மரங்களில் கூடுகள் உண்டா? மரங்கள் அடுத்து எப்போது ஏலத்துக்கு வரும்?

5. முப்பது ஆண்டுகளுக்கு முன் காணப்பட்டு, இப்போது காணப்படாத பறவை எது? அது வராமைக்கு என்ன காரணம்?

இவ்வினாக்களுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு மழை தொடங்குமுன் ஒரு நாள், ஊரிலுள்ள முதியவர் ஒருவரையும் பள்ளிப் பிள்ளைகள் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டு, நம் ஏரியின் கரையிலிருந்து வரத்துக்கால்வாய் வழியே மேல்நோக்கி நடப்போம். அடைப்பு எங்கே உள்ளது என்று குறித்துக்கொள்வோம். அடுத்த வாரமே மண்வெட்டியுடன் அங்கே செல்வோம்.